பெரியத்தான் பிஸ்கட்

வாம்மா, உள்ள வா. செருப்பு அங்ஙனயே கிடக்கட்டும், யாரு தூக்கிட்டுப் போகப்போறா. ஹேப்பி கிறிஸ்மஸா? சரி, உனக்கும். மாடிக்குக் குடிவந்து இன்னும் சாமானையே முழுசா அவுக்கல, உனக்கு இருக்கிற மரியாதை இந்தத் தெருவுல ஒருத்திக்கு இல்ல. உக்காரு. அந்த நாற்காலி வேண்டாம், கால் ஆடும். இங்ஙன உக்காரு.

காப்பி போடட்டுமா? பலகாரம்னு குடுக்க ஒண்ணும் இல்லம்மா. இருந்துச்சு. இந்தத் தட்டு நிறைய இருந்துச்சு. அதுக்காகத்தான் மத்தியானத்துலேருந்து நீ எப்ப இறங்கி வருவேன்னு மாடிப்படியையே பாத்துக்கிட்டு இருக்கேன். இந்தத் தட்டைப் பக்கத்து வீட்டுப் புளோரா கையில கொண்டுபோய்க் குடுத்துட்டு வரணும். ஒரு கை சீனி போட்டுத் தாரேன். இருட்டுததுக்குள்ள போகணும். பண்டிகைத் தட்டு அன்னிக்கே திரும்பிப் போகலைன்னா, எங்க தெருவுல அந்த ரெண்டு வீட்டுக்கும் இனி போக்குவரத்து இல்லைன்னு அர்த்தம். எனக்கு ஒண்ணும் இல்ல. போக்குவரத்து இல்லைன்னா இல்ல. ஆனா இந்த சௌந்தரிதான் முறிச்சாள்னு யாரும் சொல்லிரக் கூடாதுல்லா, அதுக்குத்தான்.

நான் ஏன் போகலைன்னு கேளு. கேக்க மாட்டேங்கிறியே. நானே சொல்லுதேன்.

புளோரா யாருன்னா, என் கொழுந்தன் தேவசகாயத்தோட பொண்டாட்டி. எனக்கு ஓரகத்தி. எங்க வீட்டுக்காரவுக ஆகஸ்ட் மாசம் தவறிட்டாகன்னு சொன்னேம்லா, அவுகளுக்குக் கூடப்பிறந்த ஒரே தம்பி இந்த தேவசகாயம். மாமனார் வீட்டை ரெண்டாப் பிரிச்சப்ப நடுவுல சுவரு வச்சாங்க. அதுல ஒரு கதவு வச்சே ஆகணும்னு அவுகதான் பிடிவாதம் பிடிச்சாக. அந்தக் கதவுக்கு இன்னிக்குக் காலையில அந்தப் பக்கத்துலேருந்து தாழ்ப்பாள் விழுந்துட்டு. தேவசகாயம்தான் போட்டான். "இனிமே உங்க வாசல்ல எங்க கால் படாது மைனி"ன்னு சொல்லிட்டுப் போட்டான். நான் கல்யாணமாகி வரும்போது அவன் அரைக்கால் சட்டை போட்டுக்கிட்டுத் திரிஞ்ச பய.

எல்லாம் ஒரு பிஸ்கட்டுக்காக. சிரிக்காத.

எங்க தெருவுல கிறிஸ்மஸ்னா எல்லா வீட்டுலேருந்தும் எல்லா வீட்டுக்கும் தட்டு போகும். முறுக்கு, அதிரசம், முந்திரிக்கொத்து, ரெண்டு துண்டு கடைக் கேக்கு. சுத்திச் சுத்தி வந்து கடைசியில யாரு வீட்டு முறுக்கை யாரு திங்கோம்னே தெரியாது. ஆனா சௌந்தரி வீட்டுத் தட்டுன்னா துணியைத் திறக்கும்போதே தெரியும். ஜாம் பிஸ்கட். வீட்டுலயே சுடுதது. கொல்லையில நிக்கிற சிவப்புக் கொய்யாவுல காய்ச்சின ஜாம். நடுவுல ஒரு குழி, குழி நிறைய ஜாம், வெயில்ல வச்சா மினுங்கும். முன்னாடி இருந்த ஐயரம்மா மாத்தலாகிப் போறப்ப என் கையைப் பிடிச்சுக்கிட்டு, "இனி இந்த பிஸ்கட்டுக்கு எங்க போவேன்"னு அழுதாங்க. ஐயரம்மான்னா எங்க கோயில் போதகரோட சம்சாரம். உனக்கு இதெல்லாம் புதுசா இருக்கும்.

யாரு செய்வாகன்னு கேக்கியா? நான்தான் செய்வேன். வேற யாரு? மாவு பிசையுதது எங்க வீட்டுக்காரவுக. அது கை வேலைதானேம்மா, எனக்குத் தோள்பட்டை வலி. வெண்ணெயையும் சீனியையும் குழைக்கிறது, முட்டையில மஞ்சக்கருவை மட்டும் பிரிக்கிறது, அதெல்லாம் அவுக செய்வாக. கொய்யாவை வேகவச்சு, விதை போக வடிகட்டி, அடுப்பு முன்னால நின்னு கிண்டுததும் அவுகதான். தெறிச்சா கையில கொப்பளம் போட்டுரும், எனக்கு ஆகாது. ஓவன் பக்கத்துல நிக்கிறதும் அவுக. எனக்கு வேக்காடு தாங்காது. நான் வாசப்படியில ஸ்டூலைப் போட்டு உக்காந்து சொல்லச் சொல்ல அவுக செய்வாக. "இன்னும் நல்லா அழுத்திப் பிசைங்க." "சட்டை பூராவும் மாவு, பாருங்க." "கருகிறப் போகுது, கருகிறப் போகுது." நான் ஒரு நிமிசம் வாயை மூடினா வேலை நின்னுபோகும். மூளை என்னுது, கை அவுகளுது. பத்திர ஆபீஸ்ல காலம் பூரா அடுத்தவன் சொல்லச் சொல்ல எழுதின மனுசன். அவுகளா ஒண்ணு செய்ய ஓடாது.

சுட்டதைத் தட்டுல அடுக்கி, மேல துணி போட்டு, நல்ல சேலை கட்டிக்கிட்டு வீடு வீடாக் கொண்டுபோய்க் குடுக்கிறது நான். அதுதானே முக்கியம்.

இந்த வருசம் அவுக இல்ல. குளிச்சுட்டு வந்து கட்டில்ல சாஞ்சவுக, எழும்பல. அவ்வளவுதான்.

டிசம்பர் பிறந்ததும் புளோரா நடுக்கதவு வழியா வந்து நிக்கா. "அக்கா, இந்த வருசம் நீங்க ஒண்ணும் செய்ய வேண்டாம். துக்க வீட்டுல எண்ணெய்ச் சட்டி வைக்கக் கூடாதுல்லா. நாங்க கொண்டாந்து தாறோம்"ங்கா. உங்கள்லயும் உண்டுல்லா, சாவு விழுந்த வருசம் பண்டிகைக்குப் பலகாரம் சுடாம இருக்கிறது? எங்கள்லயும் அதுதான். வேதப் புஸ்தகத்துல எங்கயும் எழுதல, ஆனா ஒருத்தரும் மீற மாட்டாங்க. மத்த வீட்டுக்காரங்க கொண்டாந்து தருவாங்க, வாங்கித் தின்னுட்டு வெறுந்தட்டைத் திருப்பிக் குடுக்கணும். மத்த வீடுன்னா வெறுந்தட்டைக் குடுக்க மாட்டோம், சீனியாவது போட்டுக் குடுப்போம். துக்க வீட்டுக்கு மட்டும் அது கிடையாது. வாங்குற கைதான், குடுக்கிற கை இல்ல.

எனக்கு எப்படி இருந்திருக்கும், சொல்லு. காலம் பூரா தட்டு கொண்டுபோன கை. இந்த வருசம் வாசல்ல உக்காந்து, யாரு என்னத்தப் போடுவான்னு பாத்துக்கிட்டு இருக்கணுமாம். அதுவும் இவ முறுக்கை. இவ முறுக்கை உடைக்கணும்னா அம்மிக்கல்லைத்தான் தூக்கணும்.

"ஏட்டி, எண்ணெய்ச் சட்டிதானே வைக்கக் கூடாது? பிஸ்கட்டுக்கு எண்ணெய்ச் சட்டி எதுக்கு? ஓவன்லதானே சுடுதோம்?"னு கேட்டேன். முழிச்சா. "அப்படியும் சொல்லலாமாக்கா?"ன்னா. "சொல்லிட்டேம்லா. போ"ன்னேன். போயிட்டா. அவளுக்கு எதுத்துப் பேச வராது. வாயில்லாப் பூச்சின்னு தெருவுல பேரு. எனக்குத்தான் தெரியும் அந்தப் பூச்சி என்ன செய்யும்னு.

போன வாரம் புளோரா வேலைக்குப் போன நேரமாப் பாத்து ஆரம்பிச்சேன். சன்னலை எல்லாம் அடைச்சிட்டேன். ஏன்னா, வாசனை போனா பிள்ளைக வந்து நிக்கும். அதுக்குத்தான். வேற யாருக்கும் பயந்து இல்ல.

மைதா சரியில்ல. அதை முதல்லயே சொல்லிருதேன். கடைக்காரன் பழைய மைதாவை என் தலையில கட்டிட்டான். வெண்ணெயும் சரியில்ல, கை பட்டதும் உருகி ஓடுது. மாவு விரலைப் பிடிச்சா விட மாட்டேங்குது. அவுக பிசைஞ்ச மாவைக் கொஞ்ச நேரம் ஃப்ரிட்ஜ்ல வைப்பாக. "மாவுக்கு என்ன காய்ச்சலா?"ன்னு நான் கேப்பேன். இப்ப நான் போயி வைப்பேனா? வைக்கல. உருட்டி உருட்டி ஓவன் தகரத்துல வச்சு, கட்டைவிரலால நடுவுல ஒரு அமுக்கு அமுக்கினேன். என் விரல் சின்ன விரல், குழி பொட்டு மாதிரி விழுந்துச்சு. அதுக்குள்ள ஜாமை வச்சேன். கடை ஜாம்தான், வேற என்ன செய்ய. மரத்துல கைக்கெட்டுன கொய்யா பூராவும் அணில் கொறிச்சிட்டு. மேல ஏறிப் பறிக்க ஆளு வேணும்லா.

ஓவனுக்கு எவ்வளவு சூடு வைக்கணும்னு பாத்தேன். அந்தக் குமிழை எப்பவும் அவுகதான் திருப்புவாக. நான் கடைசி வரைக்கும் திருப்பி வச்சேன். சீக்கிரம் ஆகும்லா.

ஆச்சு. பிஸ்கட் எல்லாம் உருகி, ஒண்ணோட ஒண்ணு ஒட்டி, தோசை மாதிரி ஆயிட்டு. ஜாம் பொங்கித் தகரத்துல வழிஞ்சு கருகி, புகைன்னா அப்படிப் புகை. சன்னல் வேற அடைச்சுக் கிடக்கு, எனக்குக் கண்ணு தெரியல, இருமல் நிக்க மாட்டேங்குது. தேவசகாயம் வீட்டுல இருந்திருக்கான். "மைனி! மைனி!"ன்னு கத்திக்கிட்டு நடுக்கதவு வழியா ஓடி வாரான். ஓவன் வயரைப் பிடுங்கி எறிஞ்சுட்டு, என் கையைப் பிடிச்சு இழுத்துட்டுப் போயி முற்றத்துல உக்கார வச்சான். அவனுக்குக் கண்ணுல தண்ணி. புகையா இருக்கும். "நல்லா இருந்த ஓவனை வயரைப் பிடுங்கிக் கெடுத்துட்டியே"ன்னு அவனைத் திட்டினேன். பின்ன?

சாயங்காலம் புளோரா வந்தா. அந்தத் தகரத்தைப் பாத்தா. ஒரு வார்த்தை பேசல. அதுதாம்மா எனக்குப் பொறுக்கல. நானா இருந்தா பேசியிருப்பேன். "சொன்னேம்லா, கேட்டியா?"ன்னு நல்லா நாலு கேள்வி கேட்டிருப்பேன். இவ பேசாம அந்தத் தகரத்தை எடுத்துட்டுப் போயி, ஊறவச்சுத் தேய்ச்சு, மறுநாள் பளபளன்னு கொண்டாந்து வச்சிட்டுப் போறா. எவ்வளவு திமிரு இருக்கணும்!

இன்னிக்கு விடியக்காலம் கோயிலுக்குப் போயிட்டு வந்து வாசல்ல உக்காந்திருந்தேன். துக்க வீட்டுக்குத்தான் முதல்ல தட்டு வரணும், அதுதான் முறை. ஒருத்தியையும் காணோம். எதுத்த வீட்டு எஸ்தர் டீச்சர் என் கண்ணு முன்னாலயே தட்டைத் தூக்கிக்கிட்டுத் தெருமுனைக்குப் போறா. போன வருசம் அவ அதிரசத்தை, செருப்புத் தோல் மாதிரி இருக்குன்னு சொன்னேன். அதை இன்னும் மனசுல வச்சிருக்கா. உண்மையைச் சொன்னா இந்தக் காலத்துல யாருக்கு ஆகுது? அந்தக் கடைசி வீட்டுக்காரியும் அப்படித்தான். அவகிட்ட நான் என்ன சொன்னேன்னு எனக்கே ஞாபகம் இல்ல, அவ முகத்தைத் திருப்பிக்கிட்டுப் போறா.

அப்பத்தான் நடுக்கதவு திறந்துச்சு. புளோரா வாரா, கையில தட்டு. பின்னாலயே எஸ்தர் டீச்சரும் கோயில் சங்கத்துப் பொம்பளை ஒருத்தியும். இவதான் கெஞ்சிக் கூட்டிட்டு வந்திருப்பா போல. வந்தவ, துணியை எடுத்துட்டுச் சொல்லுதா, "அக்கா, பெரியத்தான் பிஸ்கட் கொண்டாந்திருக்கேன்."

பெரியத்தான்னா அவுகதான். புருசனுக்கு அண்ணன்லா, அப்படித்தான் கூப்பிடுவா.

பெரியத்தான் பிஸ்கட்டாமே! சௌந்தரி அக்கா பிஸ்கட்னு சொன்னா வாய் வெந்துபோகுமா? சரி, இவதான் சொன்னா. அந்த எஸ்தர் டீச்சர், "ஆமா புளோரா, அச்சு அசல் அண்ணன் சுட்ட மாதிரியே இருக்கு"ங்கா. சங்கத்துக்காரியும் தலையை ஆட்டுதா. ஒருத்திக்கும் அதுல ஒரு சந்தேகமும் இல்ல. அப்படின்னா தெரு பூராவும் இத்தனை வருசமா அப்படித்தான் பேசிக்கிட்டு இருந்திருக்கு. நான் பட்டுச்சேலை கட்டிக்கிட்டு வீடு வீடாப் போயிருக்கேன், எல்லாரும் சிரிச்சுக்கிட்டே வாங்கியிருக்காளுக!

"உனக்கு யாருட்டி சொல்லித் தந்தா?"ன்னு கேட்டேன்.

"பெரியத்தான்தான்க்கா. வருசா வருசம் மிஞ்சுத மாவை எடுத்துட்டு வந்து பிள்ளைகளுக்குச் சுட்டுத் தருவாவல்லா, பாத்துப் பாத்துப் படிச்சுக்கிட்டோம். நம்ம கொய்யாதான், சுவரைத் தாண்டி எங்க பக்கம் சாஞ்ச கிளையில பறிச்சோம். குழி மட்டும் எங்க வீட்டுக்காரவுக அமுக்கினாவ. இவுக விரலும் பெரியத்தான் விரல் மாதிரி அகலம்லாக்கா"ன்னு அவ பாட்டுக்குச் சொல்லிக்கிட்டே போறா. பாத்தேன். குழி அதே அகலம்.

மிஞ்சுத மாவாம். என்கிட்ட "மாவு சரியாப்போச்சு, மிஞ்சல"ம்பாக. இந்த வீட்டு மாவு சுவரு தாண்டிப் போயிருக்கு, எனக்குத் தெரியாம. அங்க போயி ஆற அமரப் பிள்ளைகளோட உக்காந்து சுட்டிருக்காக. அங்க யாரும் ஸ்டூலைப் போட்டு உக்காந்து சொல்லல போல. உயிரோட இருந்தா அன்னிக்கே கேட்டிருப்பேன்.

கேக்க ஆளு இல்ல. அதனால புளோராவைக் கேட்டேன். "எம் புருசன் செத்தது உனக்கு வசதியாப்போச்சுல்லாட்டி. இனி நீ தெரு பூராவும் தட்டு தூக்கலாம்"னு சொன்னேன்.

ஏன் அப்படிப் பாக்குத? நான் என்ன தப்பாச் சொல்லிட்டேன்? ஒரு கோவத்துல நாலு வார்த்தை வரத்தான் செய்யும். அவ தட்டை மேசையில வச்சுட்டு, முந்தானையால முகத்தைப் பொத்திக்கிட்டுப் போயிட்டா. கூட வந்தவளுக ரெண்டு பேரும் என்னைப் பாக்காமலே நழுவிட்டாளுக. கொஞ்ச நேரத்துல தேவசகாயம் வந்தான். முதல்ல சொன்னேம்லா, அந்தச் சொல்லைச் சொன்னான். தாழ்ப்பாளைப் போட்டான். ஷார்ஜாவுலேருந்து மவன் போன் பண்ணினான், லீவு கிடைக்கலைன்னு. எடுத்ததும் என்ன கேக்கான் தெரியுமா? "அம்மா, சித்தி வீட்டோட சண்டை போட்டுறாதீங்க, உங்களுக்கு அவங்களை விட்டா அங்க யாரு இருக்கா?"ன்னு கேக்கான். பெத்த தாயை நம்பாத பிள்ளை.

அந்தத் தட்டு அங்ஙனயே மேசையில இருந்துச்சு. தின்னேன். தின்னாத்தானே குறை சொல்ல முடியும்? முதல்ல எடுத்ததுல ஒண்ணும் அகப்படல. அடுத்ததுலயும் இல்ல. எங்கயாவது கருகியிருக்கும், எங்கயாவது வேகாம இருக்கும்னு ஒண்ணொண்ணாப் பாத்துக்கிட்டே வாரேன், தட்டு காலி. உனக்குன்னு ஒண்ணு எடுத்து வச்சிருக்கலாம். தோணல.

ஒரு குறை மட்டும் அகப்பட்டுச்சும்மா. உப்பு. அவுகளுக்கு அந்தக் கிறுக்கு உண்டு. மாவுல உப்பு போடணும். "இனிப்புப் பலகாரத்துல எவனாவது உப்பை அள்ளிப் போடுவானா?"ன்னு நான் கத்துவேன். "சரி, போடல"ம்பாக. நான் அங்கிட்டுத் திரும்பினதும் போட்ருவாக. சுட்டு எடுத்ததும் நான் ஒண்ணைக் கடிச்சுப் பாத்துக் கண்டுபிடிச்சிருவேன். "கண்டுபிடிச்சுட்டியா?"ன்னு அப்படி ஒரு சிரிப்பாணி வரும் அவுகளுக்கு. அன்னிக்குப் பூராவும் அதை வச்சே சண்டை நடக்கும். போன வாரம் நான் சுட்டதுல உப்பே போடல. கருகாத ஓரத்தைக் கிள்ளி வாயில போட்டேன், மண்ணைத் தின்ன மாதிரி இருந்துச்சு.

இன்னிக்கு அதைக் கடிச்சேன் பாரு, உப்பு நாக்குல பட்டதும், "ஏங்க, இந்த வருசமும் போட்டுட்டீகளா?"ன்னு அடுக்களையைப் பாத்துக் கத்திட்டேன். சத்தமாவே கத்திட்டேம்மா. கத்திட்டு, "கண்டுபிடிச்சுட்டியா?"ன்னு வரும் வரும்னு உக்காந்திருக்கேன்.

அழுதேன். ஆகஸ்ட்ல அழல. பெட்டியை மூடும்போது அழல. கல்லு மாதிரி நிக்காளேன்னு தெருவே பேசிச்சு. எனக்கு வரல, நான் என்ன செய்ய? இன்னிக்கு வந்துச்சு. அவுக வேணும்போல இருக்கும்மா. வந்து அந்த எளவு உப்பைப் போட்டுட்டு என்கிட்ட ஏச்சு வாங்கணும்போல இருக்கு.

சரி, விளக்கு வைக்கிற நேரம் ஆயிட்டு. அந்தத் தட்டை இங்க குடு. நீ போக வேண்டாம். சீனியும் வேண்டாம், டப்பாவை மூடி வை. துக்க வீட்டுத் தட்டு வெறுந்தட்டாத்தான் போகும். இது துக்க வீடுதானம்மா.

நானே போறேன். மன்னிப்புக் கேக்கவா? யாரு, நானா? நல்லாக் கேட்ட போ. அந்தக் கதவைத் தட்டுவேன். தாழ்ப்பாளை எடுத்தாச் சரி. எடுக்கலைன்னா சுவருக்கு இந்தப் பக்கம் நின்னே, "ஏட்டி புளோரா, பிஸ்கட்டுல உப்பு கூடிப்போச்சுட்டி"ன்னு தெருவுக்கே கேக்குத மாதிரி கத்துவேன். என்னை என்ன சொன்னாலும் பொறுத்துக்கிடுவா, ஆனா பெரியத்தான் செய்முறையைக் குறை சொன்னா அவளுக்குப் பொறுக்காது. "அவுக அப்படித்தான்க்கா போடுவாவ, நீங்கதான் சுட்டீகளே, உங்களுக்குத் தெரியாதா?"ன்னு பதிலுக்குக் கத்துவா. கத்தட்டும். நல்லாக் கத்தட்டும்.

கத்தாம இருந்துட்டா நான் என்னம்மா செய்வேன்?